பத்தொன்பதாவது பின்

இல்லீங்கண்ணா, மடியிலயே இருக்கட்டுங்க. மேல வெச்சா இந்த பஸ்ஸு குதிக்கற குதியில உள்ளார இருக்கறது ஒண்ணோட ஒண்ணு உரசிக்கும். கனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரெண்டு போர்டுதான். போர்டுன்னா கரும்பலகை இல்லீங்க. ரேடியோ, டிவியைக் கழட்டினா உள்ள பச்சைக் கலர்ல அட்டையாட்டம் ஒண்ணு இருக்குமில்லீங்களா, கோடு கோடா செம்பு ஓடியிருக்கும், அது. அதை வரையறதுதான் என்ற வேலை. எந்தக் கோடு எங்க போகணும், எதை எது தாண்டக் கூடாது, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல உக்காந்து போடறது. இருபத்தாறு வருஷமா அதேதானுங்க. டவுன்ல கணபதிங்கற ஏரியாப் பக்கம் சின்னக் கம்பெனி. முதலாளி சென்னியப்பன், நானு, சரிபார்க்கறதுக்குப் பிரமிளான்னு ஒரு அம்மிணி, சாலிடர் வெக்க நாலு பொம்பளைங்க. அவ்வளவுதான்.

நீங்க சத்தி வரைக்குமுங்களா? அப்ப நேரம் கெடக்குது. நான் அதுக்கு முன்னாலயே எறங்கிக்குவேன். அங்க காது கேக்காத பிள்ளைங்க தங்கிப் படிக்கற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குதுங்க. ஊர் பேரு வேண்டாம். என்ற பொண்ணு அங்கதான் பத்தாவது படிக்கறா. தாரிகான்னு பேரு. பொறந்ததுலருந்தே கேக்காது.

எல்லாரும் எம்மேல தப்புங்கறாங்க. வாய்விட்டுச் சொல்லாதவங்களும் அப்படித்தான் பார்க்கறாங்க. நீங்க வெளியாளு, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. டெக்னிக்கலா நான் சொன்னது சரிதானுங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால பெத்தவங்க கூட்டம்னு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஒரு வகுப்பு நடந்துட்டிருந்துச்சு. அந்த டீச்சருக்குக் கையும் பேசுது, வாயும் பேசுது, நல்லாத்தான் நடத்தறாங்க. ஆனா எழுதறதுக்குப் பலகைப் பக்கம் திரும்பினாங்கன்னா முடிஞ்சுது. பிள்ளைங்களுக்கு முதுகுதான் தெரியுது. அதைப் பார்த்துட்டு வந்ததுலருந்து எனக்கு ஒரே ரோசனை. டீச்சர் சட்டையில சின்ன மைக்கு. பேசறது ஒரு பெட்டிக்குப் போகணும். பெட்டி அதைத் தமிழ் எழுத்தாக்கிச் சுவத்துல இருக்கற டிவியில காட்டணும். அவ்வளவுதானுங்க சங்கதி. முதலாளிகிட்டச் சொன்னேன், அவருக்குப் புடிச்சுது. ஒரு அறக்கட்டளைக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. முதல்ல ஒரே ஒரு பெட்டி, பத்தாவது வகுப்புல, ஜூன்லருந்து ஓடட்டும். நல்லா ஓடினா வேற வேற பள்ளிக்கூடத்துக்குச் சேர்த்து நூத்தி இருபது பெட்டி எடுத்துக்கறோம்னாங்க.

அது தாரிகா வகுப்பு. எங்க அப்பா செஞ்சதுன்னு விடுதி பூரா சொல்லி வெச்சிருக்கறா. கையிலதான்.

இப்ப அந்தப் பின்னுக்கு வர்றேன். டிவிக்குப் பின்னால அகலமா ஒரு வயர் சொருகறோம் பாருங்க, செட்டாப் பாக்ஸுலருந்து வர்றது, எச்.டி.எம்.ஐ.ன்னு சொல்லுவாங்க. அதுல குட்டிக் குட்டியாப் பத்தொம்போது பின் இருக்குது. முக்காவாசிப் பின்னு படத்தைத் தூக்கிட்டு ஓடறது. கடைசிப் பின், அந்தப் பத்தொம்பதாவது, படத்தைத் தொடாது. 'டிவி இங்க இருக்குது, முழிச்சுட்டுது'ன்னு பெட்டிக்குச் சேதி சொல்றது, அவ்வளவுதான் அதுக்கு வேலை.

நான் அதை விட்டுப்போட்டேன்.

ஏனுங்கறீங்களா? போர்டு தீப்பெட்டியாட்டம் ஒண்ணரை மடங்குதான். ரெண்டே பக்கம். மேல்பக்கம் கோடு, கீழ்ப்பக்கம் பூராவும் ஒரே செம்புத் தகடா விட்டிருந்தேன். படம் வேகமாப் போற கோட்டுக்கெல்லாம் அடியில தகடு வெட்டில்லாம இருக்கணுமுங்க, அதான் சுத்தம். அந்தப் பத்தொம்பதாவதுலருந்து ஒரு கோடு இழுக்கணும்னா தகட்டை ஒரு எடத்துல கீறணும். கூட ரெண்டு ரெசிஸ்டர் வேற, கரண்டை அளவாக் கொறைக்கற குட்டி உருப்படி அது. அந்த போர்டை நீங்க பார்த்திருக்கணுமுங்க. ஒரு கோடு கோணல் இல்ல. முதலாளி அதைப் பெரிசாப் பிரிண்டு போட்டு ஆபீஸ் செவுத்துல மாட்டி வெச்சிருந்தார்.

பிரமிளா அப்பவே கேட்டுச்சு. "சார், பத்தொம்போது சும்மா இருக்குதே, வேணுமில்லீங்களா?"ன்னு. நான் எடுத்துச் சொன்னேன். டிவி எப்பவும் இருக்குதுன்னு பெட்டியோட புரோகிராம்ல எழுதி வெச்சுட்டாப் போதும், அது பாட்டுக்குப் படத்தை அனுப்பும், யாரும் யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்லைன்னு. அப்படிச் செய்யறது ஊர்ல நடக்கறதுதானுங்க, நான் புதுசாக் கண்டுபுடிக்கல. ஆபீஸ்ல ரெண்டு வாரம் ஓட்டிக் காட்டினோம். ஒரு தடவை கூட நிக்கல. அந்த அம்மிணியும் சரின்னுட்டுது. சரின்னுதான் சொல்லுச்சு, எனக்கு நல்லா ஞாபகமிருக்குது.

எங்க ஆபீஸ்ல கரண்ட் போனா பேட்டரி எடுத்துக்கும். டிவியும் காலையில போட்டா சாயந்திரம் வரைக்கும் ஓடிட்டே இருக்கும். அது அப்ப யாருக்கும் ஒரு விஷயமாத் தோணலீங்க.

ஜூன் போச்சு, ஜூலை போச்சு. நான் மாசம் ஒருக்கா பெரிய டீச்சருக்கு, அதாவது தலைமை டீச்சருக்குப் போன் போடுவேன். பெட்டி எப்படீங்க ஓடுது, ஏதாச்சும் குறை உண்டுங்களான்னு. ஒண்ணுமே இல்லீங்க, நல்லா ஓடுதுன்னுதான் சொல்லுவாங்க. அதை நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சுக்குவேன். நாலு மாசம் எழுதியிருக்கறேன். குறை இல்லை, குறை இல்லை, குறை இல்லை, குறை இல்லை.

தீபாவளிக்குப் பொண்ணு ஊட்டுக்கு வந்தா. எனக்கு அவ கைப்பேச்சு வராதுங்க. சாப்டியா, தூங்கு, பொறு, இந்த மாதிரி நாலஞ்சு தெரியும். மத்ததுக்கு எழுதிக் காட்டிக்குவோம். என்ற சம்சாரம் பூங்கோதை நல்லா பேசுவா, ரெண்டு பேரும் உக்காந்தாங்கன்னா மணிக்கணக்காப் போகும். நான் வேலைக்காரனுங்கண்ணா, எனக்கு எங்க நேரம்? அன்னைக்கும் கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருந்தேன். நூத்தி இருபது பெட்டிக்கான போர்டை அனுப்பறதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துட்டிருந்தேன். தாரிகா வந்து தோளைத் தொட்டா. ரெண்டு கையில பெரிய சதுரமா ஒண்ணு போட்டுக் காட்டினா, டிவின்னு புரிஞ்சுது. அப்புறம் முகத்துக்கு முன்னால கையை மூடினா. அப்புறம் எதையோ புடுங்கற மாதிரி, மறுக்கா சொருகற மாதிரி. ரெண்டு தடவை காட்டினா. விடுதியில டிவி பார்க்க விடமாட்டேங்கறாங்க, வயரைப் புடுங்கிடறாங்கன்னு சொல்றான்னு நான் நினைச்சுட்டேன். பண்டிகை நாளாச்சேன்னு எந்திரிச்சுப் போயி நம்ம ஊட்டு டிவியைப் போட்டுவிட்டு, உக்காந்து பாருன்னு கை காட்டினேன். ஏதோ காமெடி ஓடிட்டிருந்துச்சு. சித்த நேரங்கழிச்சுத் திரும்பிப் பார்த்தா அவ டிவியைப் பார்க்கல. என்னையத்தான் பார்த்துட்டிருந்தா.

பூங்கோதை இப்பச் சொல்றா, அன்னைக்கே புள்ள எங்கிட்டச் சொன்னா, நானும் உங்ககிட்டச் சொன்னேன், நீங்க 'உம்'முன்னீங்கன்னு. எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லீங்க. சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?

தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம். பெரிய டீச்சர் போன் பண்ணாங்க. கொஞ்சம் நேர்ல வாங்கன்னாங்க. போனேன். என்னன்னா, பத்தாவதுக்கு அறிவியல் எடுத்துட்டிருந்த டீச்சர் பிரசவத்துக்குப் போயிட்டாங்க, பதிலுக்குப் புதுசா ஒருத்தங்க வந்திருக்கறாங்க. அவங்களுக்குக் கைப்பேச்சு இன்னும் பழகல. அந்தப் பெட்டியை நம்பித்தான் பாடமே நடக்குது. அவங்க சொல்றாங்க, தாரிகா பாடம் நடக்கறப்போ திடுதிப்புன்னு எந்திரிச்சு, பெஞ்சு மேல ஏறி, பெட்டியோட வயரைப் புடுங்கறாளாம். பொறவு சொருகறாளாம். கையைப் புடிச்சு உக்கார வெச்சாலும் மறுக்கா எந்திரிக்கறாளாம். ரெண்டு நாள் வெளியில நிக்க வெச்சுப் பார்த்துட்டேன், கேக்கமாட்டேங்கறாங்கறாங்க. பெரிய டீச்சர் சங்கடப்பட்டுட்டுச் சொன்னாங்க, உங்க பொண்ணு, நீங்க செஞ்ச பெட்டி, அதனாலதான் உங்களையே கூப்பிட்டோம்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நூத்தி இருபது பெட்டிக்கு ஆர்டர் நிக்கற நேரம். அறக்கட்டளைக்காரங்க காதுக்குப் போனா, செஞ்சவன் பொண்ணே புடுங்கி வீசறான்னுதானே சொல்லுவாங்க?

தாரிகாவைக் கூட்டியாந்தாங்க. என்னையப் பார்த்ததும் அவ முகம் அப்படி மலர்ந்துச்சுங்க. நான் அவளுக்காகத்தான் வந்திருக்கறேன்னு நினைச்சுட்டா போல. கையை ஆட்டி வேகவேகமா என்னமோ சொன்னா. பெரிய டீச்சருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்துட்டுது, எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அவ மேசையில கெடந்த பேனாவை எடுத்து எழுதப் போனா. நான் அந்தத் தாளு மேல கையை வெச்சுட்டேன். முதல்ல நான் சொல்றதைக் கேளுன்னேன். பேனாவை வாங்கி நானே எழுதினேன். 'இனிமேல் பெட்டியைத் தொடாதே. அப்பா செய்தது. அப்பாவுக்குத் தெரியும்.' அவ்வளவுதான் எழுதினேன். திட்டி ஒரு வார்த்தை எழுதல. அவ அதைப் படிச்சா. ரெண்டு தடவை படிச்சிருப்பா. பொறகு தாளை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா. அழுவல. புத்தி வந்துட்டுதுன்னு நினைச்சுட்டு நானும் பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் ஆபீஸ்ல மூணு பேரும் உக்காந்தோம். நூத்தி இருபது போர்டுக்கு நான் வரைஞ்ச படம் அன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள போர்டு அச்சடிக்கற கம்பெனிக்குப் போகணும். போயிடுச்சுன்னா அப்புறம் ஒரு கோட்டைக்கூட மாத்த முடியாதுங்க. பிரமிளா மறுக்கா அதே பழமையை எடுத்துச்சு. "இது ஒரு பெட்டி இல்ல சார், நூத்தி இருபது. எந்த ஊர்ல எந்த டிவி இருக்கும்னு நமக்குத் தெரியாது. பத்தொம்பதைப் போட்டுடலாம்"ன்னுச்சு. நான் நோட்டைத் தூக்கி முன்னால வெச்சேன். நாலு மாசம், பத்தாவது வகுப்பு, பதினெட்டுப் பிள்ளைங்க, ஒரு குறை கூட இல்லைன்னேன். வந்த ஒரே புகார் என்ற பொண்ணைப் பத்தித்தான், பெட்டியைப் பத்தி இல்லைன்னு சொல்லி முந்தின நாள் கதையையும் சொன்னேன். முதலாளி சிரிச்சுட்டார். நானும் சிரிச்சேன்.

பிரமிளா சிரிக்கல. "அவ எதுக்குங்க சார் புடுங்கினா?"ன்னு கேட்டுச்சு.

வயசு அப்படி, வேறென்னன்னு சொன்னேன்.

முதலாளி எம்பக்கம் திரும்பி, "நல்லசிவம், வேணுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னார். வேண்டாம்னேன். அந்த அம்மிணி அதோட சரிபார்க்கற தாளுல எதையோ எழுதிட்டு எந்திரிச்சுப் போச்சு. பொறகு அதை எடுத்துப் பார்த்தேன். 'பின் 19 பற்றிக் கேட்டேன். தேவையில்லை என்று சொல்லப்பட்டது'ன்னு எழுதியிருந்துச்சு. அப்படியெல்லாம் எழுதி வெக்கறது கூட வேலை செய்யறவங்களுக்கு அழகுங்களா?

மூணு வாரம் கழிச்சு அறக்கட்டளையிலருந்து ரெண்டு பேரு பெட்டி ஓடறதை நேர்ல பார்க்கணும்னு சொல்லி, நாங்க எல்லாரும் ஒரே வண்டியில போனோம். முதலாளி, நானு, பிரமிளா, அவங்க ரெண்டு பேரு. நல்ல மழை அன்னைக்கு. வகுப்புல பின்னால நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. டீச்சர் பேசறாங்க, எழுத்து வருது டிவியில. அமிலம், காரம்னு என்னமோ பாடம். அறக்கட்டளைக்காரர் ஒருத்தர் தலையைச் சாச்சு என் காதுல, ரொம்ப நல்லாருக்குதுங்கன்னார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அப்பக் கரண்ட் போச்சு.

ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. பேன் சுத்துது. பெட்டியில பச்சை லைட்டு எரியுது. டீச்சர் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டுட்டுப் பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பிச்சுட்டாங்க. டிவியில எழுத்து இல்ல. கருப்பாக் கெடந்துச்சு. நடுவுல சிக்னல் இல்லைன்னு இங்கிலீசுல ஒரு வரி மட்டும் நகர்ந்துட்டிருக்குது. டிவி பலகைக்கு மேல உசரத்துல இருக்குது, டீச்சர் அண்ணாந்து பார்க்காம பேசிட்டே எழுதறாங்க. அவங்க முதுகுக்கு என்ன தெரியும்?

பதினேழு பிள்ளைங்களும் ஒரே நேரத்துல திரும்பி தாரிகாவைப் பார்த்தாங்க.

அவ மூணாவது பெஞ்சு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அது மேல உக்காந்திருந்தா. நேரா அந்தக் கருப்பு டிவியைப் பார்த்துட்டிருந்தா. அசையல.

நான் எந்திரிச்சுப் போயி மைக்கைப் பார்த்தேன். வயரைப் பார்த்தேன். முதலாளி ரிமோட்டை வாங்கி அமுக்கிப் பார்த்தார். என்ன பண்றதுன்னே தெரியலீங்க. நான் செஞ்ச பெட்டி, எனக்குத் தெரியல. பெரிய டீச்சர் தாரிகாகிட்டப் போயி கையில என்னமோ கேட்டாங்க. அவ ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கையை வெளிய எடுத்தா. மெதுவா, சின்னச் சின்னதாப் பதில் சொன்னா. பெரிய டீச்சர் எங்க பக்கம் திரும்பிச் சொன்னாங்க. "பெட்டியோட வயரைப் புடுங்கிச் சொருகினா எழுத்து வந்துடுமாம். ஜூன்லருந்து கரண்ட் போறப்பல்லாம் இவதான் அப்படிச் செஞ்சுட்டிருந்தாளாம். இப்பத் தொடக் கூடாதுன்னு அப்பா எழுதிக் குடுத்துட்டாராம்."

பிரமிளா போயி வயரைப் புடுங்கி, பத்து எண்ணி, சொருகுச்சு. எழுத்து வந்துடுச்சு.

காரணம் சாதாரணமுங்க. கரண்ட் வந்ததும் பெட்டி தானா முழிச்சுக்கும். டிவி முழிக்காது, ரிமோட்டை அமுக்கணும். பெட்டி முழிச்ச உடனே ஒரே ஒரு தடவை டிவியைப் பார்த்து, உனக்கு எந்த அளவுல படம் வேணும்னு கேக்கும். டிவி தூங்கிட்டிருந்தா பதில் வராது. பெட்டி எதையோ ஒரு அளவை எடுத்துட்டு அனுப்பிட்டே இருக்கும், அந்த டிவிக்கு அது ஒத்துக்காது. டிவி முழிச்ச சேதியைச் சொல்ற பின் இருந்திருந்தா, பெட்டி மறுக்காக் கேட்டுச் சரிபண்ணிக்கும். காலையில ஆயா முதல்ல டிவியைப் போட்டுட்டு அப்புறம் பெட்டியைப் போடறதால பிரச்சினை இல்ல. நடுவுல கரண்ட் போனாத்தான். மழைக்காலத்துல அங்க ஒரு நாளைக்கு மூணு தடவை, நாலு தடவை போகுமாம்.

பழைய டீச்சருக்கு இது தெரிஞ்சிருக்குது. தாரிகா எந்திரிச்சா, பாடத்தை நிறுத்திட்டுக் காத்திருப்பாங்களாம். பெரிய டீச்சர் கிட்ட யாரும் சொல்லல. அவங்க போன்ல எங்கிட்டச் சொன்ன 'குறை இல்லை' எல்லாம் இப்படித்தான் வந்தது. பிள்ளைங்க ஏன் சொல்லலைன்னு கேட்டாங்க பெரிய டீச்சர். ஒரு பொண்ணு கையில சொல்லுச்சு, தாரிகா சொல்ல வேண்டாம்னா, அவங்க அப்பா செஞ்சதாச்சேன்னு.

எவ்வளவு வெசனமா இருந்துச்சுங்கறீங்க.

நான் எழுதிக் குடுத்த நாள்லருந்து அந்த மூணு வாரம், மழை விடாம பேஞ்சுட்டிருந்த வாரமுங்க. கரண்ட் போன நிமிஷத்தோட அன்னைக்குப் பாடம் போச்சு. பிள்ளைங்க பலகையில இருக்கறதைப் பார்த்து எழுதிட்டு உக்காந்திருந்திருக்காங்க. அரையாண்டுப் பரீட்சையில பதினெட்டுப் பேர்ல பதிமூணு பேரு அறிவியல்ல போச்சு. தாரிகாவும்தான். ஏப்ரல்ல பொதுப்பரீட்சை. அறிவியல் அவளுக்குன்னா உசுரு, எழுபதுக்குக் கொறைஞ்சு வாங்கினதில்ல. இந்தத் தடவை இருபத்தி ரெண்டு.

வண்டியில திரும்பறப்போ முதலாளி ஒண்ணே ஒண்ணு கேட்டார். அந்த அம்மிணி கேட்டப்ப நீ என்னய்யா சொன்னேன்னார். நான் சொன்னேன், எந்த டிவின்னு அவங்க நமக்கு எழுத்துல குடுக்கவே இல்லீங்களே, நல்ல டிவியா இருந்தா தூங்கறப்பவும் பதில் சொல்லும்னு. அது உண்மைதானுங்க, நீங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க. அவர் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிட்டார். பிரமிளா முன்சீட்டுல உக்காந்திருந்துச்சு. ஒரு வார்த்தை, நான் அப்பவே சொன்னனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சொல்லவே இல்ல.

நூத்தி இருபது போர்டும் அதுக்குள்ள வந்து எறங்கியாச்சு. தூக்கிப் போட முடியாதில்லீங்களா. பத்தொம்பதாவது காலுலருந்து முடியாட்டம் ஒரு கம்பியைக் கையால சாலிடர் வெச்சு இழுத்து, ரெண்டு ரெசிஸ்டரைச் சேர்த்து ஒட்டணும். பூதக்கண்ணாடிக்கு அடியில வெச்சுச் செய்யற வேலை. பிரமிளா ஒரு நாளைக்கு இருபது முடிச்சுரும். எனக்கு எட்டுதான் ஆச்சு. கை லேசா ஆடுதுங்க, அம்பத்தி மூணாச்சே. இனி வரப்போறதுக்குப் புதுப் படமும் அந்த அம்மிணியே வரைஞ்சுடுச்சு. அரைமணி நேரந்தான். மூலையில திருகாணி ஓட்டை இருக்குதில்லீங்க, அதைச் சுத்தி அந்தக் கோட்டைக் கொண்டு போயிடுச்சு. தகட்டைக் கீறவே வேண்டியிருக்கல. கோடு கோணலாத்தான் போகுது, பார்க்க அவ்வளவு நல்லா இல்ல. ஆனா ஓடுது. செவுத்துல இருந்த பழைய படத்தை யாரோ கழட்டிட்டாங்க. யாருன்னு நான் கேக்கல.

போன வெள்ளிக்கிழமை தாரிகா வகுப்புக்குப் புது போர்டு போட்ட பெட்டியை நானே எடுத்துட்டுப் போயி மாட்டினேன். பெரிய டீச்சர் மெயினை அணைச்சுப் போட்டுக் காட்டினாங்க. ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் டிவியைப் போட்ட மூணாவது செகண்டு எழுத்து வந்துடுது. பிள்ளைங்களுக்குச் சந்தோசம்னா கை தட்டமாட்டாங்க, ரெண்டு கையையும் மேல தூக்கி விரலை விரிச்சு ஆட்டுவாங்க. வகுப்பே கையா இருந்துச்சுங்க. புது டீச்சர் கண்ணைத் துடைச்சுட்டாங்க. தாரிகாவை வெளியில நிக்க வெச்சதுக்கு அவங்க வகுப்பு முன்னாலயே அவகிட்டக் கையில மன்னிப்புக் கேட்டாங்களாம். அதுக்காகவே அந்தக் கை அசைவை யாருகிட்டயோ கத்துட்டு வந்தாங்களாம். பெரிய டீச்சர்தான் சொன்னாங்க.

நானா? நான் என்னத்தைக் கேக்கறதுங்க. பெட்டியைச் சரிபண்ணிக் குடுத்துட்டேன். அப்பன் புள்ளைக்குச் செய்யறது அதுதானே. அவளுக்கும் தெரியும்.

நான் கிளம்பறப்போ தாரிகா வாசல் வரைக்கும் வந்தா. தனியாத்தான். என் சட்டைக் கையைப் புடிச்சு நிறுத்திட்டு, என் மூஞ்சியைப் பார்த்துக் கையில ஒண்ணு சொன்னா. வேகமா இல்ல, மெதுவாத்தான் சொன்னா. சொல்லிட்டு, பதிலுக்குக் காத்துட்டு நின்னா. அப்புறம் நான் தலையாட்டினேன். அவ சித்த நேரம் பார்த்துட்டு, திரும்பி உள்ள போயிட்டா.

ஊட்டுக்கு வந்து பூங்கோதைகிட்டச் செஞ்சு காட்டினேன். அவளுக்குப் புரியல. உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்துச்சு, விரல் மூடியிருந்துச்சா விரிச்சிருந்துச்சா, முகம் எப்படி வெச்சிருந்தான்னு கேக்கறா. ஒண்ணொண்ணுக்கும் ஒரு அர்த்தமாம். நான் அதையெல்லாம் கவனிக்கலைன்னேன். அவளே போன்ல படம் வர்றபடி போட்டு புள்ளகிட்டக் கேட்டுப் பார்த்தா. அது அப்பாவுக்குச் சொன்னது, அவருக்குத் தெரியும்னுட்டாளாம்.

இதா, பாலம் வந்துட்டுது. அடுத்தது என்ற ஸ்டாப்புதானுங்க. இது ஒன்பதாவது வகுப்புக்கும் எட்டாவதுக்கும். இன்னைக்கு அவளைப் பார்ப்பேன்.

இப்படித்தானுங்க செஞ்சா. நெஞ்சுல ஒருக்காத் தொட்டா. அப்புறம் கையை இப்படி எம்பக்கம் கொண்டாந்து... இல்ல, முதல்ல எம்பக்கம், அப்புறம் நெஞ்சு. விரல் ரெண்டா மூணான்னு சரியா நினைப்பில்ல. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களா? சும்மா பார்க்கறப்ப என்னன்னு தோணுது?

நான் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேனுங்கண்ணா. எதுக்குச் சரின்னு சொன்னேன்னுதான் தெரியல.